ஐந்தாவது சீட்டு

மார்ச் 3

அக்காவுக்கு,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று முடித்துவிடுவாய். கடைசியில் இரண்டு பேரில் ஒருவர் பட்டென்று வைத்துவிடுவோம். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. நீ குறுக்கே பேசினாலும் எனக்குக் கேட்காது.

நான் சௌக்கியம். இந்த ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை பெரியது, லென்ஸ் தீட்டும் மெஷின் மட்டுமே நாலு இருக்கிறது. மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். சுவரில் உன் கடிகாரம் மாட்டியிருக்கிறது. உங்கள் பஸ் டெப்போ சீட்டுப் போட்டியில் நீ ஜெயித்த பரிசு என் வாசலில் வந்து கிடந்தது நியாயமில்லைதான். திருப்பி அனுப்பினால் போட்டு உடைப்பாய் என்று நானே வைத்துக்கொண்டேன். ஓடுகிறது.

எழுதக் காரணம் வேறு. இங்கே ஒரு வாடிக்கையாளர் வருகிறார். அவரும் நம் ஆட்டம்தான் ஆடுவாராம், எவ்வளவு வேண்டுமானாலும் ஒரேயடியாகத் தள்ளலாம் என்கிற அதே போக்கர். அவருக்கு ஒரு சந்தேகம். கையில் இரண்டு சீட்டு, இரண்டும் ஹார்ட்டின். நடுவில் எல்லாருக்கும் பொதுவான மூன்று சீட்டு விரித்தாயிற்று, அதில் இரண்டு ஹார்ட்டின். இன்னும் ஒரே ஒரு ஹார்ட்டின் வந்தால் ஐந்து சேர்ந்து ஃப்ளஷ். வராவிட்டால் வெறும் குப்பை. இன்னும் இரண்டு சீட்டு வர பாக்கி. வருவதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இப்படி ஒரு பாதிக் கையை வைத்துக்கொண்டு பணயக் குவியல் முழுவதையும் தள்ளுவதா, அல்லது கேட்ட அளவு மட்டும் போட்டு அடக்கமாகக் கூடவே போய், சீட்டு வருகிறதா என்று பார்ப்பதா?

என் பதில் உனக்குத் தெரியும். நான் கூடவே போகிறவன். சும்மாவா என்னை டெப்போ முழுக்க ‘ஆமை’ என்றீர்கள்? ஆனால் அவர் அவசரப்படுத்துகிறார். அதனால் உன்னையும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

இன்னொன்று. பதில் எழுதினால் கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது. என் அறையில் ட்யூப்லைட் சரியில்லை.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

கடிதம் வந்தது. நான் இரண்டு தடவை படித்தேன், உன் மாமா மூன்று தடவை படித்தார். “பாவம்மா, அவனே இறங்கி வந்திருக்கான்”என்றார். அவருக்கு ஊரில் இருக்கிற எல்லார் மேலும் இரக்கம், கட்டிக்கொண்டவளைத் தவிர.

கடிகாரம் ஓடுகிறதாம்! அது ஏன் உன் வாசலுக்கு வந்தது என்று உனக்குத் தெரியாதா? தெரியாத மாதிரி எழுதுகிறாயே, அதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. நானே சொல்கிறேன், கேள்.

முப்பது பேர் சுற்றி நிற்கிறார்கள். டிரைவர்கள், கண்டக்டர்கள், ஒர்க்‌ஷாப் ஆட்கள். கடைசியில் மிஞ்சியது நீயும் நானும். என்னிடம் ஹார்ட்டின் ராஜாவும் மூன்றும். நடுவில் நாலு சீட்டு விரிந்தாயிற்று, அதில் இரண்டு ஹார்ட்டின். கடைசிச் சீட்டு ஒன்றுதான் பாக்கி. வருவதற்கு ஐந்தில் ஒரு பங்குகூடச் சரியாக இல்லை. நான் என்ன செய்தேன்? காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் இரும்பு வாஷர் என்னிடம் இருந்தது அத்தனையையும் இரண்டு கையாலும் தள்ளினேன். நீ ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாய். உன் சீட்டை மடக்கிப் போட்டு ஆட்டத்தை விட்டுவிட்டாய். நான் சீட்டைத் திருப்பிக் காட்டி, “ஒண்ணுமே இல்லாம ஜெயிச்சேன் பாருங்கடா”என்று குதித்தேன். இந்த வயதில் குதித்தேன்.

மறுநாள் கேன்டீன்காரர், அன்றைக்குச் சீட்டுப் போட்டவர், டீ கொடுக்கும்போது சொல்கிறார்: “மேடம், உங்க தம்பிக்குப் பெரிய மனசு. கையில ரெண்டு ஏழு, நடுவுல ஒரு ஏழு. மூணு ஏழை வச்சுக்கிட்டு உங்களுக்காக மடக்கிட்டாரு.”

அன்று சாயங்காலமே கடிகாரத்தைக் கொண்டுவந்து உன் வாசலில் போட்டுவிட்டுப் போனேன்.

அந்த வாரம்தான் டிரைவர்களுக்குத் தலைமைப் பயிற்சியாளர் பதவி எனக்கு வராமல், எனக்கு அப்புறம் வந்தவனுக்குப் போனது. ‘அக்கா பாவம், இதையாவது ஜெயிக்கட்டும்’என்று நினைத்தாய், அவ்வளவுதானே? நான் அழுதிருந்தால் நீ கைக்குட்டை கொடுத்திருக்கலாம். நான் ஆடிக்கொண்டிருந்தேன். ஆடுகிறவளுக்கு விட்டுக்கொடுப்பது கன்னத்தில் அறைவது. கேட்டதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதம் ‘வேற ஊர்ல நல்ல வேலை’என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கோபம் வேறு, ஆட்டம் வேறு.

தள்ள வேண்டும். பாதிக் கையோடு நீ கூடவே போனால் ஜெயிக்க ஒரே வழி, அந்தச் சீட்டு வரவேண்டும். தள்ளினால் இரண்டு வழி. எதிராளி பயந்து மடக்கலாம். மடக்காவிட்டாலும் சீட்டு வரலாம். ஒரு கதவை விட இரண்டு கதவு நல்லதா இல்லையா? இதை உனக்கு நூறு தடவை சொல்லியாயிற்று. நீ சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, சீட்டு வராமல், கடைசியில் ‘பரவாயில்ல’என்று எழுந்து போவாய். எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும்.

அந்த வாடிக்கையாளரை நான் நம்பவில்லை. பேச ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

பெரிய எழுத்தாக எழுத வேண்டுமாம். எட்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, வந்ததும் வசதி கேட்கிறான். வேண்டுமென்றே சின்னதாக எழுதுகிறேன். ட்யூப்லைட்டை மாற்று, சோம்பேறி.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான் படிக்கவில்லை. கேட்டேன். எங்கள் கடைக் கல்லாவில் இருக்கும் அம்மாள் படித்துக் காட்டினார். கன்னத்தில் அறைவது, வயிறு எரிவது, சோம்பேறி, எல்லாவற்றையும் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல் பில் படிக்கிற குரலில் படித்தார். முடித்து மடித்துக் கொடுத்துவிட்டு, “உங்க அக்காவுக்கு உங்க மேல ரொம்பப் பாசம் போலிருக்கு”என்றார். நான் ஆமாம் என்றேன்.

ட்யூப்லைட் நன்றாகத்தான் எரிகிறது. வாடிக்கையாளர் என்று யாரும் இல்லை. என் கண்தான்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாகவே சொல்கிறேன்.

போன வருட ஆரம்பத்தில் வலது கண்ணில் நேர்க்கோடுகள் வளைய ஆரம்பித்தன. கதவு நிலை வளைந்து நின்றது. கண்ணுக்குள் பின்பக்கத் திரையில் மெல்லிய சவ்வு ஒன்று படர்ந்து, திரையைச் சுருக்கி இழுக்கிறதாம். ஆபரேஷன் செய்யலாம், இல்லையென்றால் கவனித்துக்கொண்டே காத்திருக்கலாம் என்றார் டாக்டர். நான் யார்? காத்திருந்தேன். மாதா மாதம் போய்க் காட்டினேன், சொட்டு மருந்து விட்டேன், பரவாயில்லை என்றேன். இப்போது வலது கண்ணில் நடுவே ஒரு சாம்பல் வட்டம்தான் இருக்கிறது. அதற்கு இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அந்தப் போட்டி நாளில் என் வலது கண் முக்கால்வாசி போயிருந்தது. நடுவில் நாலாவதாக விழுந்தது டைமண்ட் ஒன்பது. நான் அதை ஹார்ட்டின் ஒன்பது என்று பார்த்தேன். சிவப்பு என்று மட்டும்தான் தெரிந்தது. ரொம்ப நேரம் குனிந்து பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் பார்த்தேன். ஏற்கனவே இரண்டு ஹார்ட்டின் கிடக்கிறது, இது மூன்றாவது என்று நினைத்தேன். நீ மொத்தத்தையும் தள்ளுகிறாய். அக்காவுக்கு ஃப்ளஷ் சேர்ந்துவிட்டது, மூன்று ஏழை வைத்து என்ன செய்வது என்று மடக்கினேன். ‘ஒண்ணுமே இல்லாம’என்று நீ குதித்தபோது எனக்கு விளங்கவே இல்லை. சீட்டை வாரிக் கொடுக்கும்போது முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

பெரிய மனசும் இல்லை, சின்ன மனசும் இல்லை. உன்னைப் பாவம் பார்க்க எனக்கு அன்று நேரமே இல்லை, அக்கா. நான் ஜெயிக்கத்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் சொல்லவில்லை? ஊருக்கெல்லாம் கண்ணாடி தீட்டிக் கொடுக்கிறவன் நான். எனக்கே தெரியவில்லை என்றால் டெப்போவில் ஒரு வருடத்துக்கு அதுதான் ஜோக். நீ கோபமாக இருப்பது அதைவிடப் பரவாயில்லை என்று நினைத்தேன். தப்புக் கணக்கு. நல்ல வேலை என்று சொன்னதும் பொய். இந்த ஊரில் பெரிய கண் மருத்துவமனை இருக்கிறது, அதற்காக வந்தேன். முதலாளிக்குத் தெரியும். மூன்று மாதமாக என்னை மெஷினில் விடுவதில்லை. கண்ணாடிக் கூடுகளைத் துடைத்து அடுக்குகிறேன்.

இப்போது இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. எனக்கு இருக்கிற நிலைமையில் மூன்று பேருக்கு ஆபரேஷன் செய்தால் ஒருவருக்கு நன்றாகத் தெளிகிறது. ஒருவருக்கு இருப்பது அப்படியே நிற்கிறது. ஒருவருக்கு இருப்பதும் போகிறது. செய்யாமல் காத்திருந்தால் மெதுவாகப் போகலாம், சிலருக்கு அங்கேயே நின்றும் விடுமாம். ஏப்ரல் பதினெட்டுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார். பதினைந்துக்குள் சொல்ல வேண்டும்.

இதுதான் அந்தப் பாதிக் கை. தள்ளுவதா, கூடவே போவதா?

தம்பி


மார்ச் 27

தம்பி,

எழுத்து தெரிகிறதா? பஸ்ஸில் நம்பர் எழுதுகிற மார்க்கர். தாள் பழைய டூட்டி சார்ட், பின்பக்கம். ஒரு தாளுக்கு எட்டு வரிதான் கொள்கிறது. அதனால் திட்ட இடமில்லை.

‘வேண்டுமென்றே சின்னதாக எழுதுகிறேன்’என்று எழுதினேனே. அதை அந்த அம்மாள் உனக்குப் படித்துக் காட்டினாரா? நினைத்தாலே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மாமா தட்டை எடுத்து மூடி வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆபரேஷன் வேண்டாம்.

நீ கேட்பாய், தள்ளு தள்ளு என்று நூறு தடவை சொன்னவள்தானே என்று. சொன்னேன். நான் ஏன் தள்ளுகிறேன்? எதிரே இருப்பவனுக்கும் பயம் இருக்கிறது என்பதால். நான் பாதிக் கையோடு ஜெயித்ததில் முக்கால்வாசி, சீட்டு வந்து ஜெயித்ததே இல்லை. எதிராளி என் முகத்தைப் பார்த்துவிட்டு மடக்கி ஜெயித்தது. அந்தக் கதவு இல்லாவிட்டால் நானும் உன்னை மாதிரி அடக்கமாகத்தான் ஆடியிருப்பேன்.

உன் கண்ணில் இருக்கிற சவ்வு யார் முகத்தைப் பார்த்துப் பயப்படப் போகிறது? அதற்கு மடக்கத் தெரியாது. மடக்கத் தெரியாதவன் எதிரே பாதிக் கையோடு மொத்தத்தையும் தள்ளுகிறவள் முட்டாள். மூன்றில் ஒரு பங்கு மொத்தமும் போய்விடும் என்கிறார்களே, அதை யாராவது தள்ளுவார்களா?

நீ இங்கே வந்துவிடு. முன் அறை காலியாகத்தான் கிடக்கிறது. ஜன்னல் பெரிது, வெளிச்சம் வரும். சொட்டு மருந்து நான் விடுகிறேன். எனக்கு மதியம் ஷிஃப்ட் மாற்றித் தருவார்கள். நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாம்.

டாக்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு.

அக்கா


ஏப்ரல் 4

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். கல்லா அம்மாளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். “இந்த வாரம் உங்க அக்கா என்ன சொல்றாங்க”என்று இரண்டு தடவை கேட்டார்.

முன் அறையைப் பற்றி எழுதியதை நான் மறக்க மாட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது சண்டை. எதிராளி மடக்க மாட்டான் என்பது சரியான வாதம். அது எனக்குத் தோன்றவே இல்லை, உனக்குத்தான் தோன்றும். ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதியை நீ எழுதவில்லை. உனக்குத் தெரியாமல் இல்லை.

காத்திருப்பது சும்மா வருவதில்லை, அக்கா. நம் மேசையில் ஒரு சீட்டும் ஆடாமல் உட்கார்ந்திருந்தாலும் சுற்றுக்கு மூன்று வாஷர் நடுவில் போட வேண்டும். நேரம் ஆக ஆக அது ஆறு ஆகும், பன்னிரண்டு ஆகும். நான் நல்ல கை வரட்டும் என்று உட்கார்ந்து உட்கார்ந்தே கரைந்து போவேன். நீ என்ன சொல்லுவாய்? “குவியல் இருக்கும்போது தள்ளுடா. நாலு வாஷர் மிஞ்சினப்புறம் தள்ளினா அது ஆட்டமா, ஒப்பாரியா?”

என் குவியலைச் சொல்கிறேன். மருத்துவமனைச் சுவரில் எழுத்துப் பலகை இருக்கிறது. இடது கண்ணால் செப்டம்பரில் ஏழாவது வரி படித்தேன். டிசம்பரில் ஆறாவது. போன மாதம் நாலாவதில் பாதி. உன் கடிகாரத்தில் பெரிய முள் மட்டும்தான் தெரிகிறது. அதனால் எத்தனை நிமிடம் என்று தெரியும், மணி என்ன என்று தெரியாது. வலது கண்ணில் நான் அடக்கமாகத்தான் ஆடினேன். ஒரு தப்பும் செய்யாமல் மொத்தமும் போனது. மூன்றாவது வரிக்கு இறங்கிவிட்டால் ஆபரேஷன் செய்தும் பிரயோஜனம் குறைவு என்கிறார் டாக்டர்.

இதெல்லாம் உனக்கு ஒரு நொடியில் தோன்றும். தோன்றியும் எழுதாமல் விட்டிருக்கிறாய். நான் உன்னைப் பாவம் பார்த்தேன் என்று எட்டு மாதம் பேசாமல் இருந்தாய். நான் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறவள் நீ. கையில் மூன்று ஏழை வைத்துக்கொண்டு மடக்கிப் போட்டுவிட்டு, ‘ஜன்னல் பெரிது, வா’என்கிறாய்.

எனக்குப் பயமாக இருக்கிறது. கண்ணைக் கட்டியதும் அப்படியே இருட்டாக நின்றுவிட்டால் என்று நினைக்கும்போது எழுந்து போய் லைட்டைப் போட்டுக்கொள்கிறேன். அதனால்தான் கேட்கிறேன். அக்காவாகச் சொல்லாதே. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொல். பதினைந்தாம் தேதிக்கு முன்னால் சொல்.

தம்பி


ஏப்ரல் 9

தம்பி,

தள்ளு.

நீ எழுதியது சரி. எனக்குத் தெரிந்துதான் விட்டேன். அந்தக் கடிதத்தை எழுதி தபால்பெட்டியில் போட்டபோதே தெரியும், நான் எனக்காக எழுதியிருக்கிறேன், உனக்காக இல்லை என்று. நீ இருட்டில் இருக்கிறதை நான் பார்க்க வேண்டி வருமே என்று நினைத்தேன், உடனே மடக்கிவிட்டேன். எனக்கே இப்படி ஒரு கோழைத்தனம் இருக்கிறது என்று இந்த வயதில்தான் தெரிகிறது.

இன்று காலை பயிற்சி வண்டியில் ஒரு புது டிரைவர். நல்ல பெண், ஆனால் தயக்கம். சிக்னலில் மஞ்சள் விழுந்தது. வண்டி கோட்டைப் பாதி தாண்டிவிட்டது. அப்போது போய் பிரேக்கை மிதித்தாள். இரண்டு பக்கமும் ஹாரன். நான் கத்தினேன், “போறதுன்னா போ, நிக்கிறதுன்னா முன்னாடியே நில்லு, நடுவுல நிக்காதே!” அவள் பயந்து இறங்கி அழுதாள். நானும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். அவள் அழுததற்காக அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீ கோட்டைத் தாண்டிவிட்டாய், தம்பி. இனி நின்றால் நடுவில் நிற்கிறாய்.

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அந்தச் சவ்வு மடக்காது, அதனால் ஒரு கதவு கிடையாது. இன்னொரு கதவு மூன்றில் ஒரு பங்கு. இன்னொரு பங்கு சமம். காத்திருந்தால் மூன்று பங்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கை விட்டுப் போகும். நாலாவது வரியில் இருக்கும்போதே தள்ளு. மூன்றாவதில் தள்ளாதே. இது என் பதில். யார் உட்கார்ந்திருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன்.

இனி அக்காவாகச் சொல்கிறேன். சீட்டு வராவிட்டால் நான் இருக்கிறேன். அதையும் சேர்த்து எண்ணிக்கொள். உன் குவியல் நீ நினைப்பதைவிடப் பெரிது. இது பாவம் பார்ப்பது இல்லை. என் வாஷரை நான் எங்கே வைக்கிறேன் என்பது என் இஷ்டம், நீ யார் கேட்க?

பதினேழாம் தேதி காலை வண்டிக்கு வருகிறேன். பத்து நாள் லீவு போட்டாயிற்று. கொடுக்கமாட்டேன் என்று அந்தப் புதுத் தலைமைப் பயிற்சியாளர் இழுத்தான். இரண்டு கையையும் மேசையில் ஊன்றி அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். மடக்கிவிட்டான்.

சீட்டுக்கட்டும் வாஷர் டப்பாவும் எடுத்து வருகிறேன்.

அக்கா


ஜூன் 6

அக்காவுக்கு,

நீ ஊருக்குப் போய் கிட்டத்தட்ட ஆறு வாரம் ஆகிறது. போனில் கேட்டபோதெல்லாம் ‘பார்க்கலாம், இன்னும் தெரியல’என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ பல்லைக் கடித்தது இங்கே வரைக்கும் கேட்டது. தெரிந்த பிறகு கடிதமாகத்தான் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

கண்ணுக்குள் அவர்கள் விட்ட காற்றுக் குமிழி போன வாரம்வரை இருந்தது. முதலில் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருந்து பார்க்கிற மாதிரிதான். பிறகு குமிழி சின்னதாகச் சின்னதாக, அதன் விளிம்புக்கு மேலே ஒரு கீற்று தெளிந்தது. ஒவ்வொரு நாளும் அந்தக் கீற்று கொஞ்சம் அகலமானது. ஒரு நாள் காலை எழுந்தால் குமிழியைக் காணோம். கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு மணி இருபது நிமிடம். ஏழு மணி, அக்கா. மணி!

நேற்று எழுத்துப் பலகையில் ஆறாவது வரி படித்தேன். ஏழாவது கிடைக்காது என்றுதான் டாக்டர் நினைக்கிறார். வலது கண் போனது போனதுதான். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு மெஷினில் உட்கார முதலாளி விடமாட்டார். வருகிறவர்களுக்குக் கண்ணாடிச் சட்டம் பார்த்துக் கொடுக்கிற வேலை தருகிறேன் என்றிருக்கிறார். எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

இனி வேறு விஷயம்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது நாள் குப்புறவே படுக்க வேண்டும் என்று போட்டுவிட்டார்களே, நினைவிருக்கிறதா? குமிழி போய்த் திரையை அழுத்த வேண்டுமாம். நெற்றிக்கு ஒரு வளையம், முகம் தரையைப் பார்த்தபடி, கண்ணில் கட்டு. நீ கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பாய். மூன்றாம் நாள் கேட்டாய், “அந்தக் கையை முடிச்சிடலாமாடா?”

எனக்கு இரண்டு ஏழை எடுத்து வைத்தாய். உனக்கு ஹார்ட்டின் ராஜாவும் மூன்றும். நடுவில் அதே நாலு சீட்டு. மீதியைக் கலைக்கிற சத்தம் கேட்டது. வாஷர் தரையில் உரசுகிற சத்தமும் கேட்டது.

“தள்ளிட்டேன். மொத்தமும்.”

“நடுவுல என்ன கிடக்கு?”

“ஹார்ட்டின் ராணி, ஹார்ட்டின் நாலு, ஸ்பேட் ஏழு, டைமண்ட் ஒம்பது. டைமண்ட்டுடா. நல்லாக் கேட்டுக்கோ.”

“சரி, ஆடறேன். நானும் மொத்தம்.”

நீ கடைசிச் சீட்டைத் திருப்பினாய். சீட்டு தரையில் படுகிற சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, “கிளாவர் ரெண்டு. ஹார்ட்டின் வரல. போடா, நீ ஜெயிச்சிட்ட”என்று வாஷர் எல்லாவற்றையும் என் கட்டிலுக்கு அடியில் கொட்டினாய். பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார். அவருக்கும் இரண்டு கண்ணிலும் கட்டு. உண்மையைச் சொன்னால், ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மத்தியானம்தான். அக்காவை நேருக்கு நேர் ஜெயித்துவிட்டேன், கண்ணும் வந்துவிடும் என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான். ஆனால் மீதி ஆறு நாளையும் அதை வைத்துத்தான் ஓட்டினேன்.

அந்த ஐந்து சீட்டையும் அப்படியே ரப்பர் பேண்டு போட்டு என் பைக்குள் வைத்தாய். “கணக்குக்கு இருக்கட்டும்”என்றாய்.

நேற்று ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்து அந்தப் பையைப் பிரித்தேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ரப்பர் பேண்டை எடுத்தேன். ஹார்ட்டின் ராணி. ஹார்ட்டின் நாலு. ஸ்பேட் ஏழு. டைமண்ட் ஒன்பது, நாலு பக்கமும் கூராக, பளிச்சென்று. இதையா ஹார்ட்டின் என்று பார்த்தேன் என்று வெட்கமாக இருந்தது.

ஐந்தாவது சீட்டு சிவப்பாக இருந்தது.

கிட்டே கொண்டுபோகாமல், கையை நீட்டித் தூரத்தில் வைத்தே பார்த்தேன். மேலே இரண்டு வளைவு, நடுவில் ஒரு பள்ளம், கீழே ஒரு முனை. எண்ணினேன். ஆறு. மறுபடியும் எண்ணினேன்.

ஹார்ட்டின் ஆறு, அக்கா. நீ ஜெயித்திருந்தாய்.

மறந்துபோய் அதை அப்படியே வைத்துவிட்டாயா, நான் ஒரு நாள் பார்க்க வேண்டும் என்றே வைத்தாயா என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்து நீ எதையும் மறந்ததில்லை. விட்டுக்கொடுப்பது கன்னத்தில் அறைவது என்று எழுதினவள் நீ. பதிலுக்கு நானும் எட்டு மாதம் பேசாமல் இருக்கலாமா என்று யோசித்தேன். அரை மணி நேரம்கூட முடியவில்லை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். கண்ணுக்கு நல்லதில்லை என்று டாக்டர் திட்டுவார்.

கடிகாரத்தை இதோடு பார்சலில் அனுப்புகிறேன். இரண்டு தடவையும் நீதான் ஜெயித்திருக்கிறாய், அது உன் சுவரில் இருக்க வேண்டும். மீதி நாலு சீட்டும் பார்சலிலேயே இருக்கிறது, ஹார்ட்டின் ஆறை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். உங்கள் சீட்டுக்கட்டில் ஒன்று குறையும், வேறு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உடனே பதில் போடு. மார்க்கர் வேண்டாம். சின்ன எழுத்தாகவே எழுது.

தம்பி